ஆசைக்கு ஒரு பக்கம், கணிப்புக்கு ஒரு பக்கம்

வீடியோ கேம் நிறுவனங்கள் ஆண்டுதோறும் தங்கள் புதிய கேம்களை அறிவித்துவந்த இ3 கண்காட்சியின் அறிவிப்புகளை முன்கூட்டியே கணித்த அனுபவங்களைப் பலரும் பகிர்ந்திருப்பதைப் படித்ததும், அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து அருகில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கோடு போட்ட எண்பது பக்க நோட்டு. அட்டை எப்போதோ பிய்ந்துவிட்டது. 2013 முதல் ஒவ்வொரு ஜூன் மாதமும், லாஸ் ஏஞ்சலஸில் மேடை விளக்குகள் எரிவதற்கு முன்பாக, எந்தெந்த கேம்கள் அறிவிக்கப்படும் என்று நானும் என் தம்பியும் அதில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுவோம். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரியா தவறா என்று குறிப்போம்.

முதல் ஆண்டில் பதினொன்று எழுதி இரண்டுதான் பலித்தன. பட்டியலின் முதல் வரியில் ஹாஃப்-லைஃப் 3 இருக்கிறது. வரப்போகிறது என்பதற்கு ஓர் அறிகுறியும் இல்லாதபோது, எங்களுக்கு அது வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக எழுதிய வரி அது. அடுத்த ஆண்டிலிருந்து, வரும் என்று நம்புவதற்குச் சான்று இருப்பவற்றை இடப்பக்கத்திலும், வந்தால் மகிழ்வோம் என்பவற்றை வலப்பக்கத்திலும் தனித்தனியாக எழுதத் தொடங்கினோம்.

பலித்த இரண்டில் ஒன்று தம்பியுடையது. அது கேமைப் பற்றியதல்ல, விலையைப் பற்றியது. அன்று இந்திய நேரப்படி இரவு நடந்த மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சியில் கேம் விளையாடும் கருவியான எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலின் விலை 499 டாலர் என்று அறிவித்தார்கள். விடிந்தால் சோனியின் முறை. 1995இல் நடந்த முதல் இ3 கண்காட்சியில் சேகா தன் சாட்டர்ன் கன்சோலுக்கு 399 டாலர் என்று சொன்ன பிறகு, சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிய வரலாற்றைத் தம்பி படித்து வைத்திருந்தான். பின்னால் பேசுகிறவனுக்குத்தான் விலையில் கைமேல் பலன் என்று வாதிட்டு, 399 என்று எழுதிவிட்டுத்தான் படுத்தான். காலையில் சோனி தன் கன்சோலான பிளேஸ்டேஷன் 4க்கு அவன் எழுதிய அதே விலையை அறிவித்தது.

கணிப்பது என்பது தடயம் படிப்பது என்று எனக்குப் புரிந்தது அதன் பிறகுதான். ஆஸ்திரேலியா, தென் கொரியா போன்ற நாடுகளில் வயது வரம்புச் சான்று வழங்கும் அமைப்புகள் தங்கள் பதிவுகளைப் பொதுவில் வெளியிடுவதால், அறிவிக்கப்படாத கேமின் பெயர் அங்கே முதலில் தென்படுவதுண்டு. வணிகக்குறிப் பதிவுகளும் கடைகளின் இணையதளங்களும் அப்படித்தான். 2018 மே மாதத்தில் வால்மார்ட்டின் கனடா தளத்தில் அறிவிக்கப்படாத கேம்களின் பெயர்கள் வரிசையாக வந்துவிட்டன. அவற்றில் இருந்த ரேஜ் 2 சில நாட்களிலேயே அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. ஜஸ்ட் காஸ் 4 ஜூன் மாத மேடையில் வந்தது. இதைப் பார்த்த உற்சாகத்தில் அந்தப் பட்டியலில் இருந்த ஸ்ப்ளின்டர் செல் வரியையும் அப்படியே இடப்பக்கத்துக்கு மாற்றினேன். அது வரவில்லை. ஒரு கசிவில் பாதி மெய்யானால் மீதியும் மெய் என்று நம்பிவிடும் மனநிலைதான் கணிப்பவருக்கு மிகப் பெரிய ஆபத்து என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த நோட்டில் நான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பது 2015ஆம் ஆண்டுப் பக்கத்தைத்தான். அந்த ஆண்டு வலப்பக்கத்தில் மூன்றே வரிகள்: தி லாஸ்ட் கார்டியன், ஃபைனல் ஃபேன்டஸி 7 மறுஆக்கம், ஷென்மூ 3. முதலாவது 2009 இ3 கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பேச்சு மூச்சின்றிக் கிடந்தது. இரண்டாவதற்கான ஏக்கத்தைச் சோனியே மூட்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 3இன் ஆற்றலைக் காட்டுவதற்காக 2005இல் அந்தக் கேமின் தொடக்கக் காட்சியைப் புதிதாகச் செய்து திரையிட்டார்கள், ஆனால் கேம் வரவில்லை. 2014 டிசம்பரில் லாஸ் வேகஸில் நடந்த சோனி நிகழ்ச்சியில் அந்தப் பெயர் மீண்டும் ஒலித்தபோது அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. பழைய கேமைத்தான் பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டுவருகிறோம் என்று தெரிந்ததும் அந்த ஆரவாரம் அடங்கிப்போனது. ஆறே மாதத்தில் உண்மையான மறுஆக்கத்தை அறிவிப்பார்கள் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. ஷென்மூ 3 வெறும் கனவாகவே இருந்தது. இரண்டாம் பாகம் வந்தது 2001இல்.

அந்த ஆண்டு இ3இல் சோனியின் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், ஷென்மூவை உருவாக்கிய யூ சுசுகி ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் படத்தை ட்விட்டரில் போட்டிருந்தார். முதல் பாகத்தை ஆடியவர்களுக்குத் தெரியும், நாயகன் துறைமுகத்தில் ஓட்டுவது அந்த வண்டியைத்தான். தம்பி அந்தப் படத்தைக் காட்டி, "அண்ணா, இதை இடப்பக்கத்துக்கு மாத்திடலாம்" என்றான். ஒரு படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று நான் மறுத்துவிட்டேன்.

ஜூன் 16, காலை ஆறரை மணி. தி லாஸ்ட் கார்டியனோடுதான் நிகழ்ச்சி தொடங்கியது; இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒரு கட்டத்தில், புகை சூழ்ந்த நகரமொன்று திரையில் விரிந்தது. அது ஃபைனல் ஃபேன்டஸி 7இல் வரும் மிட்கார் நகரம் என்று எனக்கு உறைப்பதற்குள், முதுகில் பெரிய வாளோடு ஒருவன் நடந்து போவது தெரிந்தது. அரங்கில் எழுந்த கூச்சலில் டிரெய்லரின் ஒலியே கேட்கவில்லை. அம்மா காபி டம்ளரோடு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. சிறிது நேரத்தில் யூ சுசுகியே மேடைக்கு வந்து ஷென்மூ 3க்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப் போவதாக அறிவித்தார். இருபது லட்சம் டாலர் இலக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் நிறைந்தது. வலப்பக்கத்தின் மூன்று வரிகளும் ஒரே காலையில் பலித்தன. இடப்பக்கத்தில் அன்று பாதிகூடத் தேறவில்லை.

ஆனால் அறிவிப்பு வேறு, கேம் கைக்கு வருவது வேறு. தி லாஸ்ட் கார்டியன் 2016 டிசம்பரிலும், ஷென்மூ 3 2019 நவம்பரிலும், ஃபைனல் ஃபேன்டஸி 7 மறுஆக்கத்தின் முதல் பகுதி 2020 ஏப்ரலிலும்தான் வந்தன. 2017இல் நிண்டெண்டோ மெட்ராய்ட் பிரைம் 4 என்ற கேமின் பெயரை மட்டும் காட்டியது. நாங்கள் சரி என்று குறித்தோம். 2019 ஜனவரியில் அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கேம் வந்ததோ 2025 டிசம்பரில். அந்த 2019இலிருந்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "எப்போது" என்று சிறியதாக ஒரு கட்டம் போட்டோம்.

பெருந்தொற்றால் 2020இல் இ3 ரத்தானது. 2021இல் இணைய வழியாக மட்டும் நடந்தது. 2023 டிசம்பரில் அது நிரந்தரமாக முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. ஜூன் மாத இணைய நிகழ்ச்சிகள் தொடர்கின்றன, நாங்களும் எழுதுகிறோம். தம்பி வேறு ஊரில் இருப்பதால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதி, அவன் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விடுகிறேன்.

2019ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஹாலோ நைட்: சில்க்சாங் என்ற கேம் வெளியாகும் தேதி அறிவிக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. அதையே ஆண்டுதோறும் எழுதினோம். 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டியவை எல்லாம் பன்னிரண்டு மாதங்களுக்குள் வரும் என்றார்கள். அதிலும் சில்க்சாங் இருந்தது, ஆனால் 2023 மே மாதத்தில் தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று, இரண்டே வாரத்தில், செப்டம்பர் 4 அன்று வெளியாகும் என்று அதை உருவாக்கிய டீம் செர்ரி அறிவித்தது. தம்பி அழைத்து, "நோட்டை எடுண்ணா" என்றான். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன்.