நபக்கோவின் வகுப்பறை: பென்சில் பிடித்துப் படித்தவர்கள் பகிரலாம்

மூன்றாம் பெஞ்சு:
'லோலிதா' எழுதிய ரஷ்ய-அமெரிக்க நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ் 1948 முதல் 1959 தொடக்கம் வரை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய இலக்கியப் பாடங்கள், அவர் இறந்தபின் 1980லும் 1981லும் புத்தகங்களாக வந்தன. அவற்றை விமர்சன நூல் என்று நினைத்துச் சாய்ந்துகொண்டு படித்தால் பத்தாம் பக்கத்தில் தூக்கம் வரும். உண்மையில் அவை செய்முறை நோட்டுகள். பக்கத்தில் மூல நாவலும் வெள்ளைத்தாளும் பென்சிலும் இருந்தால்தான் வேலைக்கு ஆகும்.

ஃப்ளோபேரின் பிரெஞ்சு நாவல் 'மேடம் பவாரி'க்கு அவர் வைத்த தேர்வுக் கேள்வி: நாயகி எம்மாவின் கண், கை, குடை, தலையலங்காரம், உடை, காலணி ஆகியவற்றை வர்ணிக்கவும். இன்னொன்று: நம் 'உம்'முக்கு நிகரான அந்தச் சின்ன இணைப்புச் சொல்லை ஃப்ளோபேர் எப்படிக் கையாள்கிறார்? 'யதார்த்தவாதம்', 'பூர்ஷ்வா சமூகம்' என்று பக்கம் நிரப்பியவர்களுக்கு முட்டைதான்.

இப்படிச் சின்ன விவரங்களைப் பிடித்து, படம் வரைந்து படிக்கும் முறையில் எந்த நாவலில் கை வைத்தால் என்ன கிடைக்கும், எங்கே தப்பும், அதை மட்டும் எழுதுங்கள்.

தலைமாட்டுக் கதவு:
காஃப்காவின் 'உருமாற்றம்', ஒரு காலையில் பூச்சியாக மாறி விழிக்கும் கிரெகோரின் கதை, கையடக்கம். அதில் தொடங்கலாம். முதல் சில பக்கங்களில் கதவு வரும் வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். தலைமாட்டுக் கதவைத் தட்டுவது அம்மா. பக்கக் கதவை முஷ்டியால், ஆனால் மெதுவாக, தட்டுவது அப்பா. எதிர்ப்பக்கக் கதவில் தங்கையின் குரல். ஆக, அறை ஒன்று, கதவு மூன்று, மூன்றுமே உள்ளே பூட்டியவை. நபக்கோவ் போட்ட வீட்டுப் படத்தில் கிரெகோரின் அறை கூடத்துக்கும் தங்கை அறைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

தப்பு வருவது இங்கேதான். நம் வீட்டு அறையை மனதில் வைத்து ஒற்றைக் கதவு போட்டுவிடுவோம். அப்புறம் மூன்று குரலும் ஒரே திசையிலிருந்து வருவதாக ஆகிவிடும். குடும்பமே அவனைச் சுற்றி வளைத்திருப்பது கண்ணில் படாது.

நீலச்சிறகு:
அந்தப் பூச்சியையும் சரியாக வரையுங்கள். தமிழில் பலரும் கரப்பான் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நபக்கோவ் ஒப்புக்கொள்ள மாட்டார். கரப்பான் தட்டை, கால்கள் பெரியவை. கிரெகோருக்கு முதுகும் வயிறும் இரண்டுமே குவிந்தவை, கால்கள் சின்னவை. நிறம் மட்டும்தான் ஒத்துப்போகிறது. வலுவான தாடை இருக்கிறது, அதனால்தான் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று சாவியைத் திருப்ப முடிகிறது. வண்டுதான். வண்டு என்றால் அந்த முதுகோட்டுக்கு அடியில் சிறகு மடங்கியிருக்கும். தனக்குச் சிறகு இருப்பதே கிரெகோருக்குக் கடைசிவரை தெரியாது என்கிறார் நபக்கோவ்.

இது வாத்தியாரின் அலட்டல் இல்லை. 1942 முதல் 1948 வரை ஹார்வர்ட் விலங்கியல் அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்து வகைபிரித்தவர். அமெரிக்க நீல வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு தொகுதி ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாக ஐந்து அலைகளாக வந்தது என்று 1945இல் எழுதினார். 2011இல் மரபணு ஆய்வு அதை உறுதிசெய்தது.

ரப்பர் தீர்ந்தது:
நாவல் எழுதும்போதும் இதே கைதான். 3க்கு 5 அங்குலக் கோடுபோட்ட அட்டை, கூர்தீட்டிய பென்சில், நுனியில் ரப்பர். கதையை வரிசையாக எழுதமாட்டார். முழு வடிவம் மனதில் மங்கலாகத் தெரிந்தபின், எந்த இடம் தெளிவாக இருக்கிறதோ அதை எழுதி அடுக்கில் செருகுவார். ஏறக்குறைய மூன்று அட்டை ஒரு தட்டச்சுப் பக்கம். முடிந்ததும் அவர் சொல்லச் சொல்ல மனைவி வேரா மூன்று பிரதியாகத் தட்டச்சு செய்வார். 'லோலிதா'வின் பகுதிகள் நிறுத்திய காரின் பின்சீட்டில் இப்படி எழுதப்பட்டவை.

முயல்கிறவர்கள் கவனிக்க: தலையில் முழு வடிவம் இல்லாமல் அட்டையை மட்டும் பெருக்கினால் மிஞ்சுவது சீட்டுக்கட்டு. அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற நாவல் 'லாராவின் மூலம்' 138 அட்டை, அவர் கணக்குப்படியே 46 பக்கம்தான். வரிசையைச் சொல்ல ஆசிரியர் இல்லாததால், 2009 அமெரிக்கப் பதிப்பில் அட்டைகளைக் கிழித்தெடுத்து வாசகரே மாற்றி அடுக்கும்படி துளையிட்டு அச்சிட்டார்கள்.

எதிர்க்கட்சி:
பக்தி போதும். தஸ்தயெவ்ஸ்கியை இந்த அளவுகோலில் வைத்து இரண்டாந்தரம் என்று அவர் தள்ளியது எடுபடவில்லை. அறையின் படம் வரைந்து பார்க்கும் நாவல்கள் அல்ல அவை, பேச்சில் வெந்து எரிகிறவை. அதோடு, வகுப்பில் உதவியாளராக உட்கார்ந்தது, விடைத்தாள் திருத்தியது, கார் ஓட்டியது எல்லாம் வேரா. நபக்கோவுக்குக் கார் ஓட்டவே தெரியாது. "பேராசிரியரின் உழைப்பு" என்று எழுதும்போது பன்மையில் எழுதுங்கள்.

மூன்றாம் பெஞ்சு:
தஸ்தயெவ்ஸ்கி விஷயத்தில் சரணடைகிறேன். டால்ஸ்டாயில் இந்த முறை அசத்தும். 'அன்னா கரீனினா' தொடக்கத்தில் ஒப்லான்ஸ்கி படிக்கும் செய்தித்தாளில் ஆஸ்திரிய ராஜதந்திரி பாய்ஸ்ட் பிரபு ஜெர்மனியின் வீஸ்பாடன் நகருக்குப் போன செய்தி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நபக்கோவ், கதை தொடங்குவது பழைய ரஷ்யக் காலண்டர்படி 1872 பிப்ரவரி 11, வெள்ளி, காலை எட்டு மணி என்று கணக்குப் போடுகிறார். நம் காலண்டரில் பிப்ரவரி 23. சரிபார்த்தால் கிழமை வெள்ளிதான்.

தலைமாட்டுக் கதவு:
என் பதிவில் ஒரு திருத்தம். கிரெகோர் தாடையால் திறக்கும் கூடத்துக் கதவு இரட்டைக் கதவு. முதல் பகுதி முடிவில் அப்பா விரட்டும்போது ஒரு பாதிதான் திறந்திருக்கிறது. அதனால்தான் உடம்பு சிக்கி விலா உராய்ந்து வெள்ளைக் கதவில் கறை படிகிறது. படத்தில் அந்த இடத்தை அழித்து, நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.