மறுமொழி: கருந்துளைக் காணொளிகளுக்கு ‘நிகழ்வு எல்லை’ பொருந்துமா?

> தொடுவானம் என்ற அழகான சொல் கையில் இருக்க, எல்லை எதற்கு? ‘நிகழ்வுத் தொடுவானம்’ என்றே வைக்கலாமே.

ஐயா, வணக்கம். கருந்துளையைச் சுற்றி, தாண்டினால் ஒளிகூடத் திரும்பமுடியாத எல்லைக்கு ஆங்கிலத்தில் ‘ஈவென்ட் ஹொரைசன்’ என்று பெயர். அதற்கு நம் காணொளிகளில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பதுதான் பேச்சு. ‘தொடுவானம்’ என்பதன் அழகில் எனக்கு மறுப்பே இல்லை. பொருளிலும் பாதி பொருந்துகிறது. கப்பல் தொடுவானத்தைத் தாண்டும்போது அதில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, கரையில் நிற்பவருக்குத்தான் மறையும். எம்87 விண்மீன்திரளின் நடுவில் உள்ளதைப் போன்ற பெருங்கருந்துளையில் விழுபவருக்கும் எல்லையைத் தாண்டும் கணத்தில் எதுவும் தட்டாது, முட்டாது. தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அவர் மெதுவாகி, சிவந்து, மங்கிப்போவார். ஆனால் கப்பல் மாலையில் மீனோடு கரைக்குத் திரும்பிவிடும். தவிர, நாம் நடந்தால் தொடுவானமும் நம்மோடு நகரும். கருந்துளையின் எல்லை யார் எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில்தான் இருக்கும்.

நம் சிக்கல் ‘எல்லை’யில் இல்லை, ‘நிகழ்வு’ என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1956-இல் இயற்பியலாளர் வுல்ஃப்காங் ரிண்ட்லர் ஆங்கிலத்தில் இந்தப் பெயரை வைத்தபோது, காலமும் இடமும் சேர்ந்த காலவெளியில் உள்ள ஒரு புள்ளியைத்தான் நிகழ்வு என்றார். ஒருவர் என்றாவது காணக்கூடிய நிகழ்வுகள் ஒரு பக்கம், ஒருபோதும் காணமுடியாதவை மறுபக்கம். இயற்பியல் படித்தவருக்கு இது போதும். காணொளி பார்க்க வருபவருக்கு நிகழ்வு என்றால் நூல் வெளியீட்டு நிகழ்வு, பாராட்டு நிகழ்வு. ‘நிகழ்வு எல்லையை நெருங்கினால்’ என்று பின்னணிக் குரல் சொன்னால் மண்டப வாசல்தான் நினைவுக்கு வரும்.

பாடநூலில் என்றால் இது பெரிய குறை இல்லை. சொல்லின் பக்கத்திலேயே விளக்கம் இருக்கும், புரியாதவர் இரண்டு பக்கம் பின்னால் புரட்டிப் பார்ப்பார். காணொளியில் சொல் ஒரு நொடியில் காதைக் கடந்துவிடும், அதற்குள் திரையில் அடுத்த படம் வந்திருக்கும். புரியாவிட்டால் யாரும் பின்னால் ஓட்டிக் கேட்பதில்லை, அடுத்த காணொளிக்குப் போய்விடுவார்கள். எனவே முதல் முறை கேட்கும்போதே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடும் சொல்தான் நமக்கு வேண்டும். என் பரிந்துரை: மீளா எல்லை.

சொல் ஏன் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 கருந்துளையின் படம் வெளிவந்தது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டு தொலைவு, 650 கோடி சூரியன்களின் நிறை. ஆரஞ்சு வளையத்துக்கு நடுவே கருப்பு வட்டம். அந்த வட்டத்தின் விளிம்புதான் நிகழ்வு எல்லை என்று இன்றும் பல தமிழ்க் காணொளிகளில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். அது தவறு. வட்டம் கருந்துளையின் நிழல். படம் வெளியாகும் முன்பே வெரிடாசியம் என்ற யூடியூப் அறிவியல் சேனலில் டெரெக் முல்லர் இதைப் பொறுமையாக விளக்கியிருந்தார். எல்லைக்கு வெளியே செல்லும் ஒளியையும் கருந்துளை வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதனால் நிழலின் ஆரம் எல்லையின் ஆரத்தைப்போல ஏறத்தாழ 2.6 மடங்கு பெரியது. ‘மீளா எல்லை இந்த நிழலுக்குள் ஒளிந்திருக்கிறது’ என்று சொல்லிப்பாருங்கள். நிழல் வேறு, எல்லை வேறு என்பது தானாகப் பிரிந்துவிடுகிறது. ‘நிகழ்வு எல்லை நிழலுக்குள் இருக்கிறது’ என்றால் இரண்டுமே மூட்டமாக நிற்கின்றன.

> மற்ற ஹொரைசன்களை என்ன செய்வது? எல்லாமே மீளாதவை இல்லையே.

சரியான கேள்வி, அம்மா. பெருவெடிப்பிலிருந்து இன்றுவரை எவ்வளவு தொலைவிலிருந்து ஒளி நம்மை வந்தடைந்திருக்க முடியும் என்பதைக் குறிக்கும் எல்லை ஒன்று உண்டு. அதில் மீள்வதும் மீளாததும் பேச்சே இல்லை, அதைக் ‘காட்சி எல்லை’ எனலாம். ‘எல்லை’யை அடிச்சொல்லாக வைத்துக்கொண்டு முன்னொட்டை மாற்றினால் குடும்பம் கலையாது. ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் நிகழ்வு எல்லையையே வைத்துக்கொள்ளட்டும், சண்டை வேண்டாம். ஒரு பொருளுக்கு அரங்கில் ஒரு சொல்லும் ஆய்வகத்தில் ஒரு சொல்லும் இருப்பது நமக்குப் புதிதல்ல. அந்தப் படத்தை எடுத்த தொலைநோக்கிக் கூட்டமைப்பின் பெயரையும் மாற்ற வேண்டியதில்லை. அது இடுபெயர், ‘ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கி’ என்றே ஒலிபெயர்க்கலாம்.

இதற்கிடையில் கருந்துளையைக் ‘கருங்குழி’ ஆக்க வேண்டும் என்று ஒரு மடல் வந்திருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கருங்குழி இருக்கிறது, வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர் அருகே இருக்கிறது. மூன்றாவது தேவையில்லை. நிலைத்த சொல்லை விட்டுவிடுவோம்.

நிழல், மீளா எல்லை இரண்டும் முடிந்தால், மிச்சம் ஒன்று: எல்லையின் ஆரத்தைப்போல ஒன்றரை மடங்கு தொலைவில் ஒளியே வட்டமடித்துச் சுற்றக்கூடிய கோளப் பரப்பு. ‘ஒளிக்கோளம்’ என்றால், அதே பெயரில் அழைக்கப்படும் சூரியனின் மேற்பரப்போடு குழம்பும். ‘ஒளிச்சுற்றுக் கோளம்’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் பின்னணிக் குரல் கொடுக்கும் தங்கை வாயில் நுழையவில்லை என்கிறார். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் ஒலிப்பதிவுக்கு முன் அனுப்புங்கள்.