கொதிக்கும் கஷாயத்தில் தேன் ஊற்றலாமா?

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
தொண்டைக் கட்டுக்கு அதிமதுரத்தையும் மிளகையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு இரண்டு கரண்டி தேனை ஊற்றிக் குடிக்கும்படி நேற்று ஒருவர் எழுதி, அதற்கு ஆயுர்வேதம் என்றும் பெயர் சூட்டியிருக்கிறார். சூடாக்கிய தேன் ஆகாது என்று ஆயுர்வேதத்தின் மூலநூலான சரக சம்ஹிதையே சொல்லியிருக்க, அந்த மருத்துவத்தின் பெயராலேயே நேர்மாறானதைப் பரப்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏற்காடு தோட்டக்காரி:
எழுதியவள் நான்தான். மார்கழிப் பனியில் தொண்டை கட்டினால் என் பாட்டி கொடுத்ததும் அதுவே. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த எங்கள் மிளகும், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் எடுத்துவரும் தேனும் சேர்ந்த அந்தக் கஷாயத்தால் எங்கள் வீட்டில் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
நான் கேட்டது உங்கள் பாட்டியைப் பற்றியன்று. தேனைச் சூட்டில் விடலாமா என்பதைப் பற்றி. தம்ளரை உள்ளங்கைகளால் பொத்திப் பிடிக்க முடிகிற அளவுக்குக் கஷாயம் ஆறிய பிறகே தேன் விட வேண்டும். அது இழையாக இறங்கி அடியில் சுருண்டு படியும்; பிறகு கலக்கிக் குடிக்கலாம். முப்பது ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி மருந்து கட்டிக் கொடுக்கிறேன்.

கன்னங்குறிச்சி செவிலி:
ஒரு தம்ளர் சூட்டில் தேன் விஷமாகிவிடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது, பொட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு நோய் வரக்கூடும் என்பதையும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் குறையும் என்பதையும் இருவருமே எழுதவில்லையே! பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வந்து ஒரு வாரத்தில் தானே அடங்கும். ஆனால் காய்ச்சலோடு விழுங்கவே முடியாமல் போனால் மருத்துவரிடம் செல்லுங்கள். தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் கிருமியைக் கவனிக்காமல் விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வையே கெடுத்துவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
சென்ற மாதம் ஆடாதோடையைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் இடையில் புகுந்து பேச்சைத் திருப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை. குழந்தையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. சூடான தேன் ஆகும் என்கிறீர்களா, ஆகாது என்கிறீர்களா?

அம்மாபேட்டை சித்த மாணவன்:
சித்தரத்தையை விட்டுவிட்டுத் தொண்டைக்கு என்ன மருந்து? அதிமதுரமும் திப்பிலியும் நம் சித்த மருத்துவத்தின் சொத்துகள். அவற்றை ஆயுர்வேதத்திற்கு எழுதிக் கொடுக்க நீங்கள் இருவரும் யார்?

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
அதிமதுரத்தை யஷ்டிமது என்று ஆயுர்வேதமும் காலங்காலமாக ஆண்டுவருகிறது, தம்பி, படித்துவிட்டு வாருங்கள். எந்த மருத்துவமானாலும் தேனைக் கொதிக்கும் கஷாயத்தில் ஊற்றச் சொல்லாது.

ஏற்காடு தோட்டக்காரி:
எந்தச் சரக்கு எப்போது வந்தது என்றே தெரியாத கடையில் மிளகு வாங்குவதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது. அங்கிருந்து எனக்குப் பாடம் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
என் மிளகைக் குறை சொன்னதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது: சூட்டில் தேன் விடலாம் என்று எந்த நூலில் இருக்கிறது?

ஏற்காடு தோட்டக்காரி:
இன்று மாலையும் இறக்கிய கையோடுதான் ஊற்றப்போகிறேன்.