அரசு ஓய்வூதியமும் முழு சோஷியல் செக்யூரிட்டியும்: 2025ஆம் ஆண்டுச் சட்டம் சரியானதா?

ஓஹையோ வாசகர்:
சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் கொண்டு ஓய்வுக்காலத்தில் மாதப் பலன் தரும் அமெரிக்க அரசுத் திட்டம் சோஷியல் செக்யூரிட்டி. 2025 ஜனவரி 5 அன்று அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்ட சோஷியல் செக்யூரிட்டி நியாயச் சட்டம், அரசு ஊழியர்கள் நெடுங்காலமாக எதிர்த்துவந்த இரண்டு விதிகளை ஒரேயடியாக நீக்கிவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்கப்படாத வேலைக்கு ஓய்வூதியம் பெறுபவரின் சொந்தப் பலனைக் குறைத்தது டபிள்யூ.இ.பி. என்ற விதி. கணவன் அல்லது மனைவி வழியாக வரும் பலனிலிருந்து அந்த ஓய்வூதியத்தின் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்தது ஜி.பி.ஓ. என்ற விதி. கீழவையில் 327க்கு 75, மேலவையில் 76க்கு 20 என்ற வாக்குகளில் நிறைவேறிய இச்சட்டம் உண்மையிலேயே நியாயமானதா என்பதை உறுப்பினர்கள் விவாதிக்க வேண்டுகிறேன்.

டெக்சாஸ் ஆசிரியை:
நியாயமானது என்பதோடு, மிகவும் காலந்தாழ்ந்து வந்தது என்றும் சொல்வேன். டெக்சாஸ், கலிஃபோர்னியா, இல்லினாய், ஓஹையோ, மாசசூசெட்ஸ், லூயிசியானா ஆகிய மாநிலங்களில் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளியே இருப்பது அவரவர் விருப்பத்தால் அன்று. 1935ஆம் ஆண்டின் மூலச்சட்டம் மாநில, உள்ளாட்சி ஊழியர்களைச் சேர்க்கவில்லை, பின்னர் வாய்ப்பு வந்தபோது சேர வேண்டாமென முடிவெடுத்ததும் நிர்வாகங்களே. பள்ளிக்கு வருமுன் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது என் சம்பளத்தில் மற்றவர்களைப் போலவே 6.2 விழுக்காடு பிடித்தார்கள். பிடிக்கும்போது இல்லாத வேறுபாடு கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

ஏட்டுக் கணக்கர்:
அந்த வேறுபாடு சூத்திரத்திலிருந்து வந்தது, அம்மா. சோஷியல் செக்யூரிட்டி, கட்டிய பணத்தை அதே விகிதத்தில் திருப்பித் தரும் சேமிப்புக் கணக்கு அன்று. 35 ஆண்டு வருவாயை மாதச் சராசரியாக்கி, 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் முதல் 1,174 டாலருக்கு 90 விழுக்காடும், அதற்கு மேல் 32 விழுக்காடும், பிறகு 15 விழுக்காடும் தருகிறது. வாழ்நாள் முழுவதும் குறைந்த கூலியில் உழைத்தவரைத் தாங்குவதற்காகவே முதற்படியில் அந்த 90 வைக்கப்பட்டது.

இப்போது இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 35 ஆண்டுகளும் ஆண்டுக்குச் சுமார் 14,000 டாலரே ஈட்டிய உணவகத் தொழிலாளி. மற்றவர் 10 ஆண்டுகள் தனியார் துறையில் ஆண்டுக்குச் சுமார் 49,000 டாலர் ஈட்டி, மீதி 25 ஆண்டுகளைச் சோஷியல் செக்யூரிட்டி வரியில்லாத அரசுப் பணியில் கழித்தவர். ஏட்டில் இருவருடைய சராசரியும் ஒன்றே, ஏனெனில் அரசுப் பணி ஆண்டுகள் அங்கே பூச்சியங்களாகத் தெரியும். ஆகவே இருவருக்கும் மாதம் 1,050 டாலர் அளவில் கிடைக்கும். இரண்டாமவருக்கு அரசு ஓய்வூதியம் தனியாக வரும். 1983இல் டபிள்யூ.இ.பி. கொண்டுவரப்பட்டது இந்தப் பிழையைத் திருத்துவதற்கே.

டெக்சாஸ் ஆசிரியை:
பிழை உண்டு என்பதை மறுக்கவில்லை. திருத்திய முறையைத்தான் மறுக்கிறேன். அந்த 90ஐ 40 ஆக்கினார்கள். 2024இல் அதன் உச்ச இழப்பு மாதம் 587 டாலர். சராசரி 1,174 டாலரே உள்ளவருக்கு அது பலனில் பாதிக்கு மேல். சராசரி 6,000 டாலர் உள்ளவருக்கோ அதே 587 டாலர் மொத்தத்தில் ஒரு சிறுபகுதி. 30 ஆண்டுகள் கணிசமான வருவாய்க்கு வரி கட்டியிருந்தால் குறைப்பே கிடையாது என்பதால், இடையிடையே பகுதிநேர வேலை பார்த்த பெண்கள்தாம் அதிகம் நசுங்கினார்கள். மேலும், இவ்விதிகளைப் புதிய ஊழியரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமே 2005இல்தான் வந்தது. அதற்கு முன் சேர்ந்தவர்களுள் பலர் ஓய்வு பெறும்போதுதான் அறிந்தார்கள்.

நியூஜெர்சி பேராசிரியர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டபிள்யூ.இ.பி. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கும் பொருந்தியது என்பதை நம்மவர்களுள் பலர் அறிந்திருக்கவில்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் பணியாற்றி, பின்பு இங்கே பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த எனக்கு, அந்த ரூபாய் ஓய்வூதியத்தைக் காரணம் காட்டியே குறைத்தார்கள். குறைப்பு ஓய்வூதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற பாதுகாப்பு இருந்ததால் இழப்பு சிறிது. இப்போது அதுவும் திரும்பிவிட்டது. ஆயினும், கணக்கர் காட்டிய இரண்டாமவர் நானேதான் என்பது எனக்குத் தெரிகிறது.

ஏட்டுக் கணக்கர்:
ஜி.பி.ஓ.வையும் பார்ப்போம். வங்கி எழுத்தர் ஒருவருக்குச் சொந்தப் பலன் 1,500 டாலர், மறைந்த கணவர் வழியாக 1,800 டாலர் என்றால், இரண்டில் பெரியதான 1,800தான் மொத்தம். இரண்டையும் கூட்டித் தருவதில்லை. இது எல்லோருக்கும் பொதுவான பழைய விதி. ஆசிரியைக்குச் சொந்த ஓய்வூதியம் 2,700 டாலர், மறைந்த கணவர் வழியாக அதே 1,800 டாலர் என்றால், ஜி.பி.ஓ. ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கான 1,800ஐக் கணவர் வழிப் பலனிலிருந்து கழித்தது. இப்போது அவர் 4,500 பெறுவார். எழுத்தருக்கு இல்லாத சலுகை ஆசிரியைக்கு ஏன்?

டெக்சாஸ் ஆசிரியை:
ஏனெனில், எழுத்தர் தம் நிறுவனத்தின் வழியாக ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் 401(கே) சேமிப்பை யாரும் கழிப்பதில்லை. எங்கள் ஓய்வூதியத்துக்கு நாங்கள் சம்பளத்தில் 8.25 விழுக்காடு செலுத்துகிறோம். அது ஆண்டுதோறும் விலைவாசியோடு தானாக உயர்வதும் இல்லை.

ஏட்டுக் கணக்கர்:
அந்தச் சேமிப்புப் பகுதிக்காகத்தான் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைத்தார்கள். அந்தப் பங்கு போதாது என்றால் பாதியாக்கியிருக்கலாம். டபிள்யூ.இ.பி.க்கு மாற்றாகப் பிரதிநிதி கெவின் பிரேடி முன்வைத்த விகித முறையும் இருந்தது: வரி பிடித்த வருவாய், பிடிக்காத வருவாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பலனைக் கணக்கிட்டு, வரி பிடித்த பங்குக்கு மட்டும் கொடுப்பது. 1978 முதல் இரண்டு வகை வருவாயும் பதிவில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, பத்தாண்டுகளில் சுமார் 196 பில்லியன் டாலர் செலவாகும் என்று காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்ட வழியைத் தேர்ந்தார்கள். சோஷியல் செக்யூரிட்டியின் நிதி இருப்பு தீரும் நாளும் ஏறத்தாழ ஆறு மாதம் முன்னே வந்தது.

டெக்சாஸ் ஆசிரியை:
விகித முறை பல ஆண்டுகள் அவையில் கிடந்தும் நிறைவேறவில்லை. எங்கள் மாநிலத்தில் சிலர், ஜி.பி.ஓ.விலிருந்து தப்புவதற்காகப் பணியின் கடைசி ஒரு நாள் மட்டும் சோஷியல் செக்யூரிட்டி பிடிக்கும் வேறொரு பள்ளி மாவட்டத்தில் எடுபிடி வேலை பார்த்தார்கள். 2004இல் அந்த வழியையும் அடைத்தார்கள். அடைப்பதற்கு இருந்த வேகம் சீர்திருத்துவதற்கு இல்லாதபோது, நீக்கம் ஒன்றே மிஞ்சியது.

ஓஹையோ வாசகர்:
நடைமுறைக் கேள்வி ஒன்று: முன்பு விண்ணப்பிக்காதவர்களுக்கும், இச்சட்டம் பொருந்தத் தொடங்கும் 2024 ஜனவரி முதல் நிலுவை வருமா?

நியூஜெர்சி பேராசிரியர்:
ஏற்கெனவே பலன் பெற்றுவந்தவர்களுக்கு அது தானாக வந்தது. 2025 பிப்ரவரி இறுதியில் வழங்கத் தொடங்கினார்கள். ஜி.பி.ஓ. முழுவதையும் விழுங்கிவிடும் என்று எண்ணி விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் பின்னோக்கித் தருவதில்லை. தாமதிக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஏட்டுக் கணக்கர்:
2025ஆம் ஆண்டு அறங்காவலர் அறிக்கையின்படி ஓய்வுக்கால நிதியின் இருப்பு 2033இல் தீரும். அதன்பின் வரும் வரியைக் கொண்டு 77 விழுக்காடுதான் தர முடியும். அந்த வெட்டு விழும்போது, வேறு ஓய்வூதியம் இல்லாத உணவகத் தொழிலாளிக்கும் அதே விகிதத்தில்தான் விழும்.

டெக்சாஸ் ஆசிரியை:
அவரைக் காப்பாற்றுவதற்கு வழி இருக்கிறது. 2025இல் 176,100 டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு இந்த வரியே இல்லை. அந்த வரம்பை உயர்த்தச் சொல்லுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.