உயிர்த்தல்: முகர்வதா, பெருமூச்சா, சீற்றமா?

கேள்வி (வெண்பாப்பித்தன்)

உயிர்த்தல் என்னும் வினை பழைய நூல்களில் இடத்துக்கு இடம் வேறு பொருளில் வருவது எனக்குக் குழப்பமாக உள்ளது. "கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்" என்னும் குறளில் (1101) அது மூக்கால் முகர்வதைக் குறிக்கிறது. "நாகம் உயிர்ப்பக் கெடும்" (763) என்னுமிடத்தில் பாம்பு விடும் மூச்சு. சிலர் அதைச் சீறுதல் என்றே கொள்கின்றனர். நெடுநல்வாடையில் அரசி "உரோகிணி நினைவனள் நோக்கி நெடிதுயிரா" என வரும்போது அது துயரப் பெருமூச்சாகிறது. அன்றியும், "உயிரா" என்பது எதிர்மறை போலல்லவா தோன்றுகிறது? இவற்றுள் எது முதற்பொருள், எவை அதிலிருந்து கிளைத்தவை?

பதில் (ஏட்டுச்சுவடி)

முதலில் அந்த "உயிரா". அது எதிர்மறையன்று, செய்யா என்னும் வாய்பாட்டில் வரும் உடன்பாட்டு வினையெச்சம், ஆகவே "நெடுமூச்சு விட்டு" என்பதே பொருள். கட்டிலின் மேல்விதானத்தில், திங்களைப் பிரியாதிருக்கும் உரோகிணியை எழுதியிருக்கிறார்கள். போர்ப்பாசறையில் இருக்கும் கணவனைப் பிரிந்தவள் அதைப் பார்க்கிறாள். மூச்சு விடவில்லை என்று கொண்டால் அந்த இடத்தின் உயிரே போய்விடும்.

முதற்பொருள் மூச்சு இயங்குதல் என்றே கருதுகிறேன். இந்த வினைக்குத் திசை கிடையாது என்பதைக் கவனித்தால் குழப்பத்தில் பாதி தீரும். முகரும்போது காற்று உள்ளே போகிறது. பாம்பு சீறும்போதும் அரசி ஏங்கும்போதும் வெளியே வருகிறது. எந்தத் திசை என்பதை உடன்வரும் சொற்களே காட்டுகின்றன. 1101ஆம் குறளில் காணல், கேட்டல், உண்டல், உறுதல் என்னும் நான்கு புலன்கள் சூழ நிற்பதால் எஞ்சிய மூக்கின் தொழிலைத் தவிர வேறு பொருளுக்கு இடமில்லை. "நெடிது", "வெய்து" போன்ற அடைகள் முன்னே வந்தால் உணர்ச்சி வந்துவிட்டது என்று கொள்ளலாம். வெறும் மூச்சுக்கு நீளத்தையும் வெப்பத்தையும் யாரும் அளந்து சொல்வதில்லை.

பதில் (மெய்ப்பாடு)

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம்: அடைமொழி இல்லாமலேயும் உணர்ச்சிப் பொருள் வரும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை எண்ணும் நூற்பாவில் "கருதல் ஆராய்ச்சி விரைவு உயிர்ப்பு" என்று உயிர்ப்பு தனித்தே நிற்கிறது. உரையாசிரியர்கள் அதை இயல்பான மூச்சாகக் கொள்ளவில்லை, வழக்கத்தினும் நீள விடும் நெட்டுயிர்ப்பாகவே விளக்கினர். எல்லா உயிர்க்கும் பொதுவான சுவாசம் மெய்ப்பாடு ஆகாது. உள்ளத்து நிகழ்வைப் பிறர் அறியுமாறு உடல் காட்டுவதே மெய்ப்பாடு. ஆகவே பாட்டின் துறை என்ன, யார் மூச்சு விடுகிறார் என்பவற்றையும் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

பதில் (ஐயம்)

இருவர் கூறியதும் சரி. ஆயினும் மூச்சு ஒன்றையே அடியாக வைத்தால் "கருவுயிர்த்தல்" எங்கே அமரும்? அங்கே உயிர்த்தல் ஈனுதலாகிறது. "உயிர்த்தெழுதல்" என்பதும் மீண்டும் உயிர் பெறுதலே. உயிர் என்னும் பெயரின் உயிர்வாழ்வுப் பொருளிலிருந்து ஒரு கிளையும் மூச்சுப் பொருளிலிருந்து மற்றொரு கிளையும் பிரிந்தன என்று கொள்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது. எது முந்தியது என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர் மீண்டும்

நன்றி. அவ்வாறாயின் "உயிர்ப்ப உளரல்லர் மன்ற" (880) என்பதில் மூச்சு யாருடையது?

பதில் (ஏட்டுச்சுவடி)

அங்குதான் உரைகள் பிரிகின்றன. பகைவரின் செருக்கை அழிக்க இயலாதவர், அப்பகைவர் மூச்சு விட்ட அளவிலேயே இல்லாமற்போவர் என்பது ஒன்று. மூச்சு விடும் அளவுக்குக்கூட அவர் உயிரோடு இருப்பவரல்லர் என்பது மற்றொன்று. 763ஆம் குறளில் நாகம் உயிர்த்த அளவிலேயே எலிக்கூட்டம் அழிவதை நோக்கினால், "உயிர்ப்ப" என்னும் அதே எச்சம் இங்கும் பகைவரின் மூச்சையே குறிப்பதாகக் கொள்ளலாம். நான் முதல் உரையின் பக்கம் சாய்கிறேன். ஆனால் 763இல் நாகம் எழுவாயாக வெளிப்படையாகவே நிற்கிறது. இங்கே மூச்சு விடுபவரைக் குறள் தனியே சொல்லாததால், இரண்டாம் உரையைப் பிழை என்று தள்ளவும் முடியாது.