இருக்கிறவர்களிடம் 'ஏன் இருக்கிறீர்கள்' என்று எப்படிக் கேட்பது?

வார்டு இன்சார்ஜ்:
ஆறு மாதத்தில் நான்கு ஸ்டாஃப் நர்ஸ்கள் பேப்பர் போட்டுவிட்டார்கள். போகும்போது ஹெச்.ஆர். நீட்டும் படிவத்தில் நான்கு பேரும் எழுதியது 'சொந்தக் காரணம்'. அனுபவச் சான்றிதழ் கைக்கு வரும்வரை வேறென்ன எழுதுவார்கள்? மீதிப் பதினோரு பேரிடம் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்கலாமென்று பார்க்கிறேன். ஆனால் 'ஏன் இன்னும் போகவில்லை' என்று துரத்துவதுபோல ஆகிவிடாதா?

பழைய சூப்பரின்டென்டென்ட்:
சிஸ்டர், இது புதிய கேள்வி இல்லை. ஆள் தட்டுப்பாட்டிலும் நர்ஸ்களைத் தக்கவைத்த 41 மருத்துவமனைகளை 1983-இல் அமெரிக்க நர்சிங் அகாடமி அடையாளம் கண்டு, அங்கே எது பிடித்துவைக்கிறது என்று ஆராய்ந்தது. காந்தம்போல ஆளைப் பிடித்துவைக்கும் மருத்துவமனைகளுக்கு 'மேக்னெட்' என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

நான் கேட்டது இப்படி: கடைசியாக எப்போது விட்டுவிடலாம் என்று தோன்றியது, அன்று என்ன நடந்தது, அப்புறம் ஏன் விடவில்லை? ஒரு சீனியர் சிஸ்டர் பத்து நிமிடம் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்' என்றே உட்கார்ந்திருந்தார். எழுந்து கதவில் கை வைத்த பிறகுதான் சொன்னார்: "நைட்டுக்கு வருகிறவள் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து, பெட் பெட்டாக நின்று ஹேண்டோவர் எடுக்கிறாள். நிம்மதியாக வீட்டுக்குப் போகிறேன்." அடுத்த மாத ரோஸ்டரில் அந்த இரண்டு பேரையும்தான் பிரித்துப் போட்டிருந்தேன். அன்றைக்கே அடித்துத் திருத்தினேன்.

நைட் டியூட்டி:
எங்களிடமும் கேட்டார்கள். வீக் ஆஃப் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று எட்டுப் பேர் சொன்னோம். ஒன்றும் நடக்கவில்லை. கேட்காமலே இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. இன்னொன்று, ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால் பர்ன்அவுட், அதாவது வேலையில் ஒரேயடியாகச் சோர்ந்துபோகும் வாய்ப்பும் 23 சதவீதம் கூடுவதாக அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு 2002-இலேயே எழுதிவிட்டது. அங்கே பேச்சு போதாது, ஆள் போட வேண்டும்.

வார்டு இன்சார்ஜ்:
ஆள் எண்ணிக்கை என் கையில் இல்லை, ரோஸ்டர்தான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்ரைசலோடு சேர்த்துக் கேட்கலாமா?

பழைய சூப்பரின்டென்டென்ட்:
வேண்டவே வேண்டாம். மார்க் போடுகிற அன்று யார் குறை சொல்வார்கள்? தனியாக, டியூட்டி நேரத்துக்குள்ளேயே 20 நிமிடம். வார்டுக்கு ஆள் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். நைட் முடித்துத் தள்ளாடுகிறவரைப் பிடித்து உட்காரவைக்காதீர்கள்.

வார்டு இன்சார்ஜ்:
சரி மேடம். வியாழக்கிழமை ஆரம்பிக்கிறேன். அடுத்த மாத ரோஸ்டரை அதுவரை ஒட்டப்போவதில்லை.