விருந்துச் சமையலின்போது எரிவாயு உருளை குளிர்ந்து சுடர் தணிவது ஏன்?

கேள்வி – கோட்டையூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு, வீட்டின் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் பெரிய அடுப்புகளை வைத்து விடியற்காலையிலிருந்தே சமைத்தார்கள். 19 கிலோ சிலிண்டரில் பாதி எரிவாயு மீதமிருக்கும்போதே சுடர் தணியத் தொடங்கியது. சிலிண்டரின் கீழ்ப்பாதி மட்டும் நீர்த்துளிகள் அரும்பிச் சில்லென்று இருந்தது. சமையல்காரர் அதை அகன்ற தொட்டித் தண்ணீரில் நிறுத்தியதும் சுடர் மீண்டும் எழுந்தது. பியூட்டேனின் கொதிநிலை −0.5 டிகிரி செல்சியஸ் என்றும் புரொப்பேனின் கொதிநிலை −42 டிகிரி என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் நம் ஊர் வெயிலில் இவை சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது எவ்வாறு? அந்தக் குளிர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் 1 – காரைக்குடி இயற்பியல் ஆசிரியர்

உண்டு, ஐயா. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு எண்களும் 1 வளிமண்டல அழுத்தத்திற்கு மட்டுமே பொருந்துபவை. அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும். கொடைக்கானலில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கருக்குள் அழுத்தம் 2 வளிமண்டல அளவுக்கு உயரும்போது 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது.

மூடிய சிலிண்டருக்குள் திரவத்தின் ஒரு பகுதி ஆவியாகி மேலே நிரம்புகிறது. திரவத்திலிருந்து வெளியேறும் மூலக்கூறுகளும் அதற்குத் திரும்பும் மூலக்கூறுகளும் சமமாகும் வரை ஆவியின் அழுத்தம் ஏறுகிறது. அந்தச் சமநிலை அழுத்தத்தையே ஆவியழுத்தம் என்கிறோம். வெப்பநிலை ஏற ஏற அதுவும் விரைவாக ஏறும். பியூட்டேனின் ஆவியழுத்தம் 0 டிகிரியில் ஏறத்தாழ 1 வளிமண்டல அழுத்தம்தான். 40 டிகிரியில் அது ஏறத்தாழ 4 ஆகிறது. புரொப்பேனுக்கு இதே வெப்பநிலைகளில் ஏறத்தாழ 5, 14 என்ற அளவில் இருக்கும். சமையல் எரிவாயு இவ்விரண்டும் கலந்தது. தன் ஆவியே தரும் அழுத்தத்தில்தான் அது சித்திரை வெயிலிலும் திரவமாக நிற்கிறது.

இனி குளிர்ச்சிக்கு வருவோம். அடுப்பு ஆவியை இழுத்துக்கொள்ளும்போது திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். ஒரு கிலோ திரவம் ஆவியாவதற்கு ஏறத்தாழ 350 முதல் 400 கிலோஜூல் வரை உள்ளுறை வெப்பம் தேவை. விருந்துச் சமையலில் மணிக்கு 3 கிலோ எரிந்தால், நொடிக்குச் சுமார் 300 ஜூல் வெப்பம் ஓயாமல் உள்ளே போய்ச்சேர வேண்டும். அவ்வளவு வெப்பத்தை விடியற்காலைக் காற்றால் இரும்புச் சுவரின் வழியே கொடுக்க இயலாதபோது, திரவம் தன்னிடமுள்ள வெப்பத்தையே செலவழித்துக் குளிர்கிறது. குளிர்ந்ததும் ஆவியழுத்தம் இறங்கிச் சுடர் தணிகிறது. காற்றைவிடத் தண்ணீர் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால்தான் தொட்டி கைகொடுத்தது.

கீழ்ப்பாதியில் மட்டும் துளிகள் அரும்பியதை நீங்கள் கவனித்தது மிக நன்று. அது உள்ளே திரவம் நிற்கும் உயரத்தைக் காட்டும் கோடு. திரவம் தொடும் சுவர் குளிர்வதால், காற்றிலுள்ள நீராவி அங்கே நீராகிறது. உள்ளே திரவம் ஆவியாக, வெளியே ஆவி திரவமாகிறது.

பதில் 2 – தேவகோட்டை சமையல் ஒப்பந்ததாரர்

ஆசிரியர் ஐயா சொன்ன விளக்கத்தோடு ஒரு வேண்டுகோளையும் சேர்க்கிறேன். சுடர் தணிந்தவுடன் சிலிண்டருக்கு அருகில் கரி அடுப்பை வைப்பதும் கொதிநீரை ஊற்றுவதும் சில இடங்களில் நடக்கின்றன. தயவுசெய்து எவரும் இதைச் செய்ய வேண்டாம். வெப்பம் மிகுந்தால் ஆவியழுத்தம் ஏறுவதோடு திரவமும் விரியும், அது விரிவதற்காகவே உள்ளே சிறிது இடம் விட்டு நிரப்புகிறார்கள். பெரிய சமையலுக்கு இரண்டு மூன்று சிலிண்டர்களை முறையாகப் பொருத்திய ஒரே குழாயில் இணைத்துவிட்டால், ஒவ்வொன்றிலும் கொதிக்க வேண்டிய அளவு குறைந்து, குளிர்ச்சியும் மட்டுப்படும்.

கோட்டையூர் வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினால், மீதமுள்ள எரிவாயுவின் அளவை அறிய முடியுமா?

பதில் 3 – காரைக்குடி இயற்பியல் ஆசிரியர்

முடியாது, ஐயா. திரவம் கொஞ்சமேனும் இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே. 15 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் மானி பெரும்பாலும் ஒன்றையே காட்டும். எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முதலில் மிகுதியாக வெளியேறுவதால், கடைசியில் பியூட்டேன் மிஞ்சி அழுத்தம் சற்றுத் தாழும்; ஆனால் அதைக்கொண்டு அளவு சொல்ல இயலாது. எடை போட்டுப் பார்ப்பதே சரி.

வாகனங்களுக்கான இயற்கை எரிவாயுவில் நிலைமை வேறு. அதன் பெரும்பகுதியான மீத்தேனின் மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ −83 டிகிரி. அதற்கு மேலான வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. ஆகவே ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் வாயுவாகவே அடைக்கிறார்கள். அங்கே அழுத்தமானியின் முள் இறங்க இறங்க எரிவாயுவும் குறைகிறது என்று நம்பலாம்.